ஷெர்லாக் ஹோம்ஸ் ரெண்டாம் பாகம்: வெறும் சண்டப் படந்தானா?

டிசம்பர் 26, காலை (ஒரு வாசகர் கேட்டது)

ராபர்ட் டவுனி ஜூனியர் நடிச்ச ஷெர்லாக் ஹோம்ஸ் ரெண்டாவது படம், 2011ல வந்த "எ கேம் ஆஃப் ஷேடோஸ்", நேத்துதான் பாத்தேன். ஹோம்ஸ்னா ஒக்காந்த எடத்துல யோசிச்சு கண்டுபிடிக்கிற ஆளு. இதுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல அடி, வெடி, ஓட்டம். வில்லன் மோரியார்ட்டிதான்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சு போவுது, அப்புறம் என்னத்த துப்பறியறது? விமர்சகருங்க மார்க் கொறச்சது நியாயந்தான். இல்லன்னு சொல்ற ஆளு யாராவது இருக்கீங்களா?

டிசம்பர் 26, ராத்திரி

நான் இருக்கேன்.

அந்தப் படத்த விமர்சகருங்க எல்லாருமே கழுவி ஊத்துனாங்க, வசூலும் முதல் படத்தவிட கம்மி, அது எனக்கும் தெரியும். ஆனா சண்டையா மட்டும் பாத்துட்டு துப்பறியறது இல்லன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். அதுல சண்டையே யோசனதான். அடிக்கிறதுக்கு முன்னாடி ஹோம்ஸ் கண்ண நிறுத்துறார், எதிராளி எந்தக் கால ஊனி நிக்கிறான், எந்தப் பக்கம் பழைய காயம், முதல் அடி எங்க, அதுக்கு அவன் என்ன செய்வான், அடுத்த அடி எங்கன்னு மனசுக்குள்ள முழுசா ஓட்டிப் பாத்துட்டு அப்புறந்தான் கை நீட்டுறார். ஒக்காந்து யோசிக்கிறவன் செய்யிற அதே வேல, என்ன, இங்க நேரம் ரெண்டு செகண்ட்.

எனக்கு இது ஏன் ஒறைக்குதுன்னா நான் மோட்டார் வைண்டிங், அதாவது எரிஞ்ச மோட்டாருக்கு புதுக் கம்பி சுத்துற வேல செய்யிறவன். தஞ்சாவூர் ஜில்லா பாபநாசத்துல கடை. ஸ்குரூவ கழட்டறதுக்கு முன்னாடியே மனசுல கழட்டிப் பாத்துடணும், இல்லன்னா பாதி வேலைல மாட்டிக்குவோம். நாளைக்கு விரிவா எழுதுறேன், இப்ப தூக்கம் வருது.

டிசம்பர் 27

மேல நான் எழுதுனதுல ரெண்டு தப்பு. சரி பண்ணிடுறேன், இல்லன்னா அதையே புடிச்சிக்கிட்டு தொங்குவாங்க.

ஒண்ணு, எல்லா விமர்சகரும் கழுவி ஊத்தல. விமர்சகருங்க மார்க்கையெல்லாம் சேத்துக் காட்டற வெப்சைட்டுங்க இருக்கு, அதுல ராட்டன் டொமேட்டோஸ்ல முதல் படம் எழுபது சதவீதத்த ஒட்டி நிக்குது, ரெண்டாவது அறுபதுகிட்ட. மெட்டாகிரிட்டிக்ல ரெண்டாவதுக்கு ஐம்பதுகூட வரல. அதாவது பாதிக்குப் பாதி பிரிஞ்சு நின்னுருக்காங்க. இதுல முக்கியமான ஆளு அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட், அவரு முதல் படத்துக்கு மூணு ஸ்டார் குடுத்தவரு, ரெண்டாவதுக்கு மூணரை குடுத்தாரு. கூட்டம் ஒரு பக்கம் சாயும்போது அவரு இந்தப் பக்கம் அரை ஸ்டார் ஏத்துனத யாரும் சொல்றதே இல்ல.

ரெண்டு, வசூல். அமெரிக்காவுல கொறஞ்சது நிஜம், முதல் வார கடைசில முதல் படம் 6 கோடி டாலருக்கு மேல எடுத்துது, ரெண்டாவது 4 கோடிய தொடல. ஆனா உலகம் முழுக்க கூட்டுனா முதல் படம் 52 கோடி, ரெண்டாவது 54 கோடி. அந்த ஊர்ல விட்டத வெளில புடிச்சிட்டாங்க. நான் எங்கயோ படிச்ச அமெரிக்க கணக்க மட்டும் மனசுல வச்சிக்கிட்டு எழுதிட்டேன்.

டிசம்பர் 29

விரிவா எழுதுறேன்னு சொன்னது இது.

நான் இந்தப் படத்த முதமுத பாத்தது 2012ல. அந்த வருசம் இங்க எப்படி இருந்துச்சுன்னு டெல்டாக்காரங்களுக்கு சொல்ல வேண்டாம், மத்தவங்களுக்கு சொல்றேன். ஜூன் 12ல தொறக்க வேண்டிய மேட்டூர் தொறக்கல. ஆத்துல தண்ணி இல்ல, குறுவை போச்சு, போர் இருக்கவங்க மோட்டார நம்பி நட்டாங்க. மோட்டாருக்கு கரண்ட் வேணுமே, அதுவும் இல்ல. ஒரு நாளைக்கு பத்து பன்னெண்டு மணி நேரம் கட்டு. வர்ற கொஞ்ச நேரத்துலயும் மூணு பேஸும் ஒழுங்கா வராது, ரெண்டு பேஸ் வரும், வோல்டேஜ் சாகும். பயிரு காயிறத பாத்துக்கிட்டு எந்த சம்சாரி சும்மா இருப்பான், கெபாசிட்டர போட்டு ரெண்டு பேஸ்லயே ஓட்டுவாங்க, மோட்டாரு எரியும். நான் அப்ப ஒரு மாஸ்டர்கிட்ட வேல பாத்துக்கிட்டு இருந்தேன். கடை வாசல்ல மோட்டாரு வரிசையா கெடக்கும், மார்கழி மாசம் பெருமாள் கோயில்ல பொங்கலுக்கு நிக்கிற வரிச மாதிரி.

ராத்திரி கரண்ட் எப்ப வரும்னு காத்துக்கிட்டு கடையிலயே படுத்துக்குவோம். மாஸ்டரோட தம்பி லேப்டாப்ல இந்தப் படம் வச்சிருந்தாரு. பேட்டரி இருக்க வரைக்கும் ஓடும், நிக்கும், கரண்ட் வந்தா நாங்க வேலைக்கு எந்திரிச்சிடுவோம். ஒரு படத்த மூணு ராத்திரியா பாத்தேன். முதல் ராத்திரி ரயில் சண்டையோட நின்னுச்சு. ஹோம்ஸோட கூட்டாளி வாட்சன் அப்பதான் கல்யாணம் முடிச்சு பொண்டாட்டியோட ரயில்ல போறாரு, ஹோம்ஸ் பொம்பள வேஷத்துல வந்து அந்தம்மாவ பாலத்துலேர்ந்து ஆத்துல தள்ளி விட்டுடுறாரு. அதோட பேட்டரி காலி. மறுநாள் முழுக்க எனக்கு அதே நெனப்பு, எதுக்கு தள்ளுனாரு, அந்தம்மா என்ன ஆச்சு. கீழ ஹோம்ஸோட அண்ணன் படகோட காத்திருக்காருங்கறது அடுத்த ராத்திரிதான் தெரிஞ்சுது.

அந்த நாள்லதான் மாஸ்டர் எனக்கு மோட்டார படிக்க சொல்லிக் குடுத்தாரு. எரிஞ்ச மோட்டார் வந்தா முதல்ல கேள்வி கேக்காத, மூடிய கழட்டி காயில பாருன்னுவாரு. சுத்தி எல்லா காயிலும் ஒரே மாதிரி கருகியிருந்தா ஓவர்லோடு, இல்லன்னா வோல்டேஜ் கம்மி. ஒரே ஒரு எடத்துல மட்டும் பொத்தலா எரிஞ்சிருந்தா அங்க இன்சுலேஷன் போயிருக்கு. உள்ள அசையாம நிக்கிற ஸ்டேட்டர்ல வளையம் வளையமா பளபளன்னு தேஞ்சிருந்தா பேரிங் போயி, சுத்துற ரோட்டர் ஒரசியிருக்கு. மூணுல ஒரு பங்கு காயில் மட்டும் கருகி மிச்சம் ரெண்டு பங்கு புது பொண்ணு மாதிரி இருந்தா, ஒரு பேஸ் போனத கவனிக்காம ஓட்டிட்டாங்க. ஒரு நாள் ஒரு பெரியவரு மோட்டார கொண்டாந்து எறக்கிட்டு, "தம்பி நான் ஸ்டார்ட்டர தொடவே இல்ல, தானா எரிஞ்சிடுச்சு"ங்கறாரு. மாஸ்டர் காயில பாத்துட்டு மெதுவா கேட்டாரு, "ஐயா, கெபாசிட்டர் எங்க, வீட்லயே கழட்டி வச்சிட்டு வந்துட்டீங்களா?" பெரியவரு சிரிச்சிட்டாரு. அப்புறம் பையிலேர்ந்து அத எடுத்தாரு.

அந்த வாரந்தான் நான் இந்தப் படத்துல ஹோம்ஸ் ஒருத்தன் நிக்கிற நிலைய பாத்து அடி கணக்கு போடறத பாக்குறேன். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. இப்பவும் அப்படித்தான்.

டிசம்பர் 30

கும்மோணத்துலேர்ந்து ஒரு வைண்டிங்காரரு திருத்தியிருக்காரு, அவரு சொன்னது சரி. மோட்டார் காயில இணைக்கிறதுல டெல்டா, ஸ்டார்னு ரெண்டு வகை. மூணுல ஒரு பங்கு கருகறது டெல்டா கனெக்ஷன்ல. ஸ்டார் கனெக்ஷனா இருந்தா தலைகீழா, ரெண்டு பங்கு கருகும், போன பேஸோட காயில் மட்டும் நல்லா இருக்கும். நான் பெரிய மோட்டார மனசுல வச்சிக்கிட்டு பொதுவா எழுதிட்டேன். நன்றிங்க.

ஜனவரி 2

கேள்வி கேட்டவரு திரும்ப வந்து, "மோட்டாரு கதையெல்லாம் சரி, படத்துல கண்டுபிடிக்க என்ன மர்மம் இருக்கு? கொலகாரன் யாருன்னு தெரியாம இருந்தாத்தான துப்பறியற கத"ங்கறாரு.

இதுக்கு மூலக் கதைக்கே போவணும். ஹோம்ஸ படைச்ச கோனன் டாயில் 1893 டிசம்பர்ல ஸ்ட்ராண்ட் பத்திரிகைல எழுதுன "தி ஃபைனல் பிராப்ளம்"தான் இந்தப் படத்துக்கு அடிப்படை. நான் தமிழ்லயும் படிச்சிருக்கேன், அப்புறம் டிக்ஷனரிய வச்சிக்கிட்டு இங்கிலீஷ்லயும் முக்கி முக்கி படிச்சிருக்கேன். அதுல என்ன மர்மம் இருக்கு? ஒண்ணும் இல்ல! ஹோம்ஸ் ஒரு ராத்திரி கைல காயத்தோட வாட்சன் வீட்டுக்கு வர்றாரு, மோரியார்ட்டிங்கற புரொபசர் என்ன கொல்லப் பாக்குறான்னு சொல்றாரு, ரெண்டு பேரும் ரயிலேறி ஓடுறாங்க, ஹோம்ஸ் இத்தாலி பாதிரியார் வேஷத்துல வர்றாரு, மோரியார்ட்டி தனி ரயில் எடுத்துக்கிட்டு தொரத்துறான், கடைசில சுவிட்சர்லாந்துல ரைஷன்பாக் அருவி. கத முழுக்க ஓட்டந்தான். கைரேகையா, சிகரெட் சாம்பலா, ஒண்ணும் கெடையாது. வில்லன் யாருன்னு அங்கயும் ஆரம்பத்துலயே சொல்லிடறாங்க.

அப்ப வேஷம், ரயிலு, தொரத்தல், அருவி, நாலும் டாயில் போட்டது. படத்தோட டைரக்டர் கை ரிட்சி அதுல வெடிமருந்த சேத்தாரு, நெறையவே சேத்தாரு, அத நான் மறுக்கல. ஆனா மூலத்துல இருந்த துப்ப எடுத்துட்டு சண்டைய வச்சாருன்னு சொன்னா அது மூலத்த படிக்காத பேச்சு. அத எழுதுன விமர்சகருங்க மேல எனக்கு கோவமே உண்டு.

சண்டகூட டாயிலோடதுதான். அருவி ஓரத்துல மோரியார்ட்டிய எப்படி கவுத்தாருன்னா பாரிட்சுன்னு ஒரு ஜப்பான் குஸ்தி தெரிஞ்சதாலன்னு அதே கதைல வரும்.

ஜனவரி 3

அதே கதைல வராது. அதுல ஹோம்ஸ் செத்துட்டதா முடியும், யாரு வந்து குஸ்தி கதைய சொல்றது! பாரிட்சு வர்றது 1903ல ஹோம்ஸ் உசுரோட திரும்பி வர்ற "தி எம்ப்டி ஹவுஸ்" கதைல. பொஸ்தகத்த எடுத்துப் பாத்துட்டுத்தான் எழுதுறேன்.

ஜனவரி 8

என் வீட்ல இந்த இழைய படிச்சிட்டாங்க. பள்ளிக்கூடத்துல வேல பாக்குறவங்க, எதையும் சும்மா விட மாட்டாங்க. நேத்து ராத்திரி மறுபடி ஒக்காந்து ரெண்டு பேரும் படத்த பாத்தோம். பத்தாவது நிமிசத்துலயே ஆரம்பிச்சாங்க, "ஏங்க, முதல் படத்துல ஹோம்ஸையே ஏமாத்துன பொண்ணு ஐரீன். அவள ஒரு டீ குடிக்க வச்சு கொன்னுட்டாங்க. இதுக்கு என்ன சொல்றீங்க?"

சொல்ல ஒண்ணும் இல்ல. அந்த ஓட்டல் காட்சி நல்லா எடுத்த காட்சி, மோரியார்ட்டி கரண்டியால கோப்பைல லேசா தட்டுறான், சுத்தி சாப்ட்டுக்கிட்டு இருந்த அத்தன பேரும் எந்திரிச்சு போயிடுறாங்க, அத்தன பேரும் அவன் ஆளு, அவ தனியா. குளுந்து போவுது. ஆனா அதோட ஐரீனா நடிச்ச ரேச்சல் மெக்ஆடம்ஸ்க்கு வேல முடிஞ்சிடுது, ஒரு கைக்குட்டையா மிச்சம் ஆயிடுறா. அந்த எடத்துக்கு நூமி ரபாஸ் வர்றாங்க, ஜிப்ஸி பொண்ணு சிம்ஸா, கத்தி வீசுறாங்க, கூடப் பொறந்தவன் மேல பாசம் இருக்கு, ஆனா படம் பாதிக்கு மேல போனா அவங்க ஓடுறாங்க, குதிர ஓட்டுறாங்க, பேச ஒரு வரி கெடையாது. இத விமர்சகருங்களும் சொன்னாங்க. நான் இவ்ளோ நாளா இத ஒரு பொருட்டாவே எடுத்துக்கல, அது என் தப்பு. ஈபர்ட் ஸ்டார் ஏத்துனாருங்கறதுக்காக மத்தவங்க சொன்னதெல்லாம் பொய்யாயிடாது.

ஆனா கடைசில அவங்களே ஒண்ணு புடிச்சாங்க. ஆத்துல தள்ளி விட்ட அந்த மேரி இருக்காங்களே, வாட்சன் பொண்டாட்டி, மோரியார்ட்டி தன் கணக்கையெல்லாம் சங்கேதத்துல எழுதி வச்ச செவப்பு நோட்டுப் பொஸ்தகம் லண்டனுக்கு வந்ததும் போலீஸ்காரர் லெஸ்ட்ரேடோட ஒக்காந்து அந்த சங்கேதத்த அவுக்குறதுல அவங்களும் இருக்காங்க. மோரியார்ட்டி சொத்து முழுக்க போறது அங்கதான். "ஒரு துப்பாக்கி இல்ல, மேசைல ஒக்காந்து காரியத்த முடிச்சாங்க பாருங்க"ன்னாங்க. நான் நாலு தடவ பாத்திருக்கேன், எனக்கு இது தோணல.

ஜனவரி 11

கொஞ்சம் வேற பக்கம் போறேன், மன்னிக்கணும்.

எங்க அப்பாவுக்கு எழுவத்தாறு வயசு. அவரு ஊரு வடுவூர். பறவ சரணாலயத்துக்கு போறவங்களுக்கு தெரியும், தஞ்சாவூர் மன்னார்குடி ரோட்டுல பெரிய ஏரி. அந்த ஊர்க்காரருதான் வடுவூர் துரைசாமி ஐயங்கார், நூறு வருசம் முன்னாடி துப்பறியும் நாவலா எழுதித் தள்ளுனவரு, 1942ல காலமானாரு. அப்பா வீட்ல அவரு பொஸ்தகம் நாலஞ்சு பைண்டு பண்ணி இருந்துச்சு, கரையான் தின்னது போவ ஒண்ணு மிச்சம். அவரு படைச்ச துப்பறியற ஆளு திகம்பர சாமியார். "கும்பகோணம் வக்கீல்" நாவல மாடர்ன் தியேட்டர்ஸ் 1950ல "திகம்பர சாமியார்"னே படமா எடுத்தாங்க, நம்பியார்தான் சாமியாரு, வில்லன் இல்ல, வேஷத்துக்கு மேல வேஷமா போட்டு வருவாரு.

அப்பாவ பக்கத்துல ஒக்கார வச்சு ரயில் காட்சிய காட்டுனேன். ஹோம்ஸ் பொம்பள வேஷத்துல, ஒதட்டுல சாயத்தோட சண்ட போடறாரு. அப்பா ரொம்ப நேரம் பாத்துட்டு, "நம்ம நம்பியாரு சேல கட்டுனா இதவிட எடுப்பா இருக்கும்"னாரு. அப்புறம் ஒண்ணு சொன்னாரு, அதத்தான் எழுத வந்தேன். "நாங்க படிச்சப்ப யாரு கொலகாரன்னு கண்டுபிடிக்கவாடா படிச்சோம்? திருடன் யாருன்னு ரெண்டாவது அத்தியாயத்துலயே தெரியும். சாமியாரு எந்த வேஷத்துல எப்ப வருவாரு, அவன எப்படி மடக்குவாருன்னு பாக்கத்தான் விளக்கு வச்சு படிச்சோம்."

கேள்வி கேட்டவரே, இதுக்கு பதில் சொல்லுங்க. யாருங்கறது ஒரு வகை கத. எப்படி மடக்குறாருங்கறது இன்னொரு வகை. நீங்க ரெண்டாவது வகைகிட்ட வந்து முதல் வகைய கேக்குறீங்க.

ஜனவரி 17

பொங்கல் முடிஞ்சு மாட்டுப் பொங்கல் அன்னிக்கு மத்தியானம் சும்மா இருந்தப்ப கடைசி அர மணி நேரத்த மட்டும் மூணு தடவ போட்டுப் பாத்தேன். ரொம்ப முக்கியமான ஒண்ணு கெடச்சிருக்கு.

முதல்ல அந்த மனசுக்குள்ள ஓட்டிப் பாக்குற சண்டைய பத்தி. டிசம்பர்ல நான் எழுதுனது பத்தாது. முதல் படத்துல ஹோம்ஸ் நெனச்சது நெனச்சபடி நடக்கும், அதோட முடிஞ்சுது. ரெண்டாவதுல அது படி படியா மாறுது. ஆரம்பத்துல சந்துல நாலு அடியாளுங்க, அங்க கணக்கு பிசகல. அடுத்தது சிம்ஸாவ கொல்ல வந்தவனோட, ஹோம்ஸ் கணக்கு போட்டு முடிக்கிறாரு, நடுவுல சிம்ஸா கத்திய வீசிடுறா, கணக்குல இல்லாத ஆளு. பாரிஸ்ல இன்னும் மோசம், குண்டு ஒபேரா அரங்கத்துல இருக்குன்னு முடிவு கட்டி எல்லாரையும் இழுத்துக்கிட்டு ஓடுறாரு, குண்டு வெடிக்கிறது ஹோட்டல்ல. யோசனையே தப்பா போவுது, ஆளுங்க சாவுறாங்க. ஹோம்ஸ் முகத்த அந்த எடத்துல பாருங்க, டவுனி அங்க ஒரு குறும்பும் பண்ணல.

கடைசில பால்கனி. கீழ அருவி. நடுவுல செஸ் போர்டு. ஹோம்ஸ் மனசுல சண்டைய ஓட்டுறாரு, பாதியில மோரியார்ட்டி கொரல் உள்ள நொழையுது, உனக்கு மட்டுந்தான் இது தெரியும்னு நெனச்சியாங்கற மாதிரி. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தொடல, நின்ன எடத்துலயே முழு சண்டையும் நடக்குது, ஹோம்ஸ் தோள்ல காயம், எப்படி ஓட்டிப் பாத்தாலும் தோல்விதான். ஒரே ஒரு வழி மிச்சம், நெருப்புத் துண்ட மூஞ்சில ஊதிட்டு அவன கட்டிப் புடிச்சிக்கிட்டு சேந்து விழறது. சரியா அந்த நேரம் வாட்சன் கதவ தொறக்குறாரு. இவ்ளோ பெரிய சண்டப் படத்துல கிளைமாக்ஸ் சண்ட முழுக்க தலைக்குள்ள நடக்குது! இத எடுத்த ஆள வெறும் அடிதடி டைரக்டர்னு எப்படி சொல்றது.

இப்ப கெடச்ச விசயம். அந்த பால்கனில ஹோம்ஸ் சொல்றாரு, உன் நோட்டுப் பொஸ்தகத்த எப்பவோ மாத்திட்டேன், சங்கேதத்துக்கு சாவி எதுன்னும் கண்டுபிடிச்சிட்டேன்னு. சாவி என்னன்னா, மோரியார்ட்டி ரூம்ல இருந்த வீட்டுத் தோட்டம் போடற பொஸ்தகம். அது ஏன் ஹோம்ஸ் கண்ணுல பட்டுச்சு? அதே ரூம்ல ஜன்னல்ல வச்சிருந்த செடி வாடிக் கெடந்துச்சு. தோட்டக்கலை படிக்கிறவன் சொந்த செடிக்கு ஒரு கொவள தண்ணி ஊத்தல. அப்ப அந்தப் பொஸ்தகம் படிக்க வச்சது இல்ல.

நம்ம ஊர்ல இத சொன்னா சின்னப் புள்ளகூட புரிஞ்சிக்கும். வய ஓரத்துல போறப்பவே யாரு நேர்ல பாக்குற வயலு, யாரு குத்தகைக்கு விட்டுட்டு மெட்ராஸ்ல இருக்காங்கன்னு வரப்ப பாத்தா தெரியும். நான் ஓடிப்போயி முன்னாடி வர்ற அந்த ரூம் காட்சிய போட்டேன், ஹோம்ஸும் மோரியார்ட்டியும் முதல் தடவ சந்திக்கிறது. ஹோம்ஸ் பேசிக்கிட்டே ரூம நோட்டம் விடறாரு. எல்லாத்தையும் நம்ம கண்ணு முன்னாடி வச்சிட்டுத்தான் படம் அடுத்த வேலைய பாத்திருக்கு. சண்ட சத்தத்துல நம்ம காதுல விழல.

ஜனவரி 19

முந்தாநேத்து அத எழுதுன சந்தோசத்துல ஒரேயடியா தூக்கிப் புடிச்சிட்டேன், ராத்திரி படுத்தப்ப ரெண்டாவது யோசன வந்துச்சு.

துப்ப முன்னாடியே வச்சது சரி. ஆனா சண்ட சத்தத்துல காதுல விழலன்னா அது யாரு தப்பு? காட்டுல பீரங்கி அடிக்கிற காட்சி இருக்கே, மரம் தெறிக்கிறது, குண்டு பக்கத்துல போறது எல்லாம் ரொம்ப மெதுவா ஓடற கேமராவுல. முதல் தடவ பாக்க மிரட்டலாத்தான் இருக்கு. நாலாவது தடவ எனக்கே நீளம். அதுல ஒரு நிமிசத்த வெட்டி அந்த வாடுன செடிக்கு குடுத்திருந்தா பாதி விமர்சகருங்க வாய மூடியிருப்பாங்க. அந்த அளவுக்கு கேள்வி கேட்டவரு பக்கமும் நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன்.

பாட்டுக்காரங்க விசயத்துல மட்டும் ஒருத்தரும் கொற சொல்லக் கூடாது. இசையமைச்ச ஹான்ஸ் ஜிம்மர் இதுக்காக ஸ்லோவாக்கியாவுக்கே போயி ரோமா ஜிப்ஸி வாத்தியக்காரங்கள வச்சு பதிவு பண்ணாரு. வயலின் அழுவும், கூடவே கூத்தாடும்.

ஜனவரி 28

இன்னிக்கு கணக்குப்படி மேட்டூர் மூடற நாளு. சம்பா அறுப்பு ஆரம்பிச்சிடுச்சு, அறுப்பு மிஷின் பெல்ட்டு, டைனமோன்னு வரிசையா வேல. நெல்ல கொட்டி வச்சிட்டு கொள்முதல் நிலையத்து வாசல்ல காவ கெடக்குறாங்க, மழ வராம இருக்கணும். கொஞ்ச நாள் கழிச்சு வரேன். ஒருத்தரு வாட்சன பத்தி எழுதலன்னு கேட்டிருக்காரு. ஜூட் லா இல்லன்னா இந்தப் படம் இல்ல, ஹோம்ஸ் மூச்சு நின்னு கெடக்கறப்ப நெஞ்சுல குத்திக் குத்தி அழுவுறாரே, அது ஒண்ணு போதும்.

பிப்ரவரி 8

இத எழுதாம தூக்கம் வராது.

நேத்து சாயந்தரம் திருக்கருகாவூர் பக்கம் ஒரு மோட்டார மாட்டிட்டு வந்துக்கிட்டு இருந்தேன். தண்ணி நின்னு வாய்க்கா எல்லாம் வத்தி அங்கங்க குட்டையா நிக்குது. ஒரு குட்டையில ஏழெட்டு பசங்க. ரெண்டு பக்கமும் சேத்த அள்ளி அண கட்டிட்டு உள்ள எறங்கி மிதிக்கிறானுங்க, தண்ணி காப்பி கலராயிடுச்சு. கெளுத்தியும் கொறவையும் மூச்சு முட்டி மேல வந்து வாயப் பொளக்குது, கைய விட்டு தூக்குறானுங்க. ஒரு பையன் கைல கெளுத்தி முள்ளு குத்தி ரத்தம், அத வாயில வச்சு சப்பிட்டு மறுபடி எறங்குறான். வண்டிய நிறுத்திட்டு பாத்துக்கிட்டே இருந்தேன். தெளிஞ்ச தண்ணில அந்த மீனு ஒண்ணுகூட சிக்காது, நெழல பாத்தாலே ஓடிடும்.

அப்ப டக்குன்னு உள்ள ஒரு பாட்டு ஓடுச்சு. ஜெர்மன் ஆயுதத் தொழிற்சாலைல மோரியார்ட்டி ஹோம்ஸ கொக்கில மாட்டித் தொங்க விட்டுட்டு ஒரு பாட்டு போடுவான், கூடவே பாடுவான். ஷூபர்ட்டுன்னு ஒரு ஆஸ்திரியா இசைக்காரரு போட்ட மீன் பாட்டு. அதோட பொருளும் அவனே சொல்லுவான்: மீனு சிக்கல, மீன் புடிக்கிறவனுக்கு சலிச்சுப் போச்சு, தண்ணிய கலக்கி விட்டான், மீனு கொழம்பிப் போயி மாட்டிக்கிச்சு. அவன் மீனுன்னு சொல்றது ஹோம்ஸ. இவ்ளோ வருசமா நானும் அப்படியேதான் எடுத்துக்கிட்டேன்.

ஆனா அவன் செய்யிற வேலையே அதுதான! ஊரு ஊருக்கு குண்டு வைக்கிறான், ஜெர்மன்காரன் பிரெஞ்சுக்காரன சந்தேகப்படறான், பிரெஞ்சுக்காரன் இவன சந்தேகப்படறான். சண்ட மூண்டா துப்பாக்கியும் அவன்கிட்டத்தான் வாங்கணும், காயத்துக்கு கட்டற துணியும் அவன்கிட்டத்தான் வாங்கணும், எல்லா கம்பெனியும் அவன் கைல. நம்ம ஊர்ல இதுக்கு ஒரே வரி, குட்டையக் கொழப்பி மீன் புடிக்கிறது. கத 1891ல நடக்குது, அவன் கொழப்பப் பாத்தது முழு ஐரோப்பாவ. திட்டம் மொத்தத்தையும் வில்லன் பாட்டாவே பாடிட்டான், நம்ம அங்க கொக்கிய மட்டும் பாத்துக்கிட்டு இருந்தோம்.

ராத்திரி வந்து அந்த எடத்த மறுபடி போட்டேன். என் வீட்லயும் பக்கத்துல. ஹோம்ஸ் அந்த நோட்டுப் பொஸ்தகத்த மாத்துனது எங்கன்னு நெனைக்கிறீங்க? அதே தொழிற்சாலைல. மோரியார்ட்டி தண்ணிய கலக்குன பாட்ட ரசிச்சு பாடிக்கிட்டு கிட்ட வந்து நிக்கிறப்ப, அவன் சட்டப் பையிலேர்ந்து செவப்பு நோட்டு போவுது, வேற நோட்டு வருது. தோள்ல கொக்கி ஏறியிருக்கு, கை மட்டும் வேல பாக்குது. என் வீட்ல, "நிறுத்துங்க, நிறுத்துங்க, பின்னாடி போங்க"ன்னு மூணு தடவ ஓட்டச் சொன்னாங்க.

பிப்ரவரி 9

கேள்வி கேட்டவரு எழுதியிருக்காரு, செடியும் மீனும் ஒத்துக்கறேன், ஆனா மார்க்க ஏத்த மாட்டேன், ஐரீன கொன்னதுக்கே கொறைக்கணும்னு. சரிங்க, அதுல என் வீட்டு ஓட்டும் உங்களுக்குத்தான்.

ஒண்ணு மட்டும் செய்யுங்க. இன்னொரு தடவ முழுசா வேண்டாம். மோரியார்ட்டி ரூமுக்கு ஹோம்ஸ் போற காட்சிலேர்ந்து போடுங்க, ரெண்டு பேரு பேசறதயும் விட்டுட்டு ஜன்னல் பக்கம் பாருங்க. அப்புறம் அந்தத் தொழிற்சாலை வந்ததும் பாட்டுக்கு சத்தத்த கொஞ்சம் கூட்டி வைங்க.